முன்வரிசையிலிருந்து ஒரு ஐபிஏ

பீர் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாலே ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரருக்குக் கடுப்பு தலைக்கேறியது. சூப்பர் மார்க்கெட்டில் மற்றவர்களெல்லாம் சோப்பு, விளக்குமாறு, பூனைத்தீனி என்று கூடையை நிரப்பிக்கொண்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் காலிக் கூடையோடு, பரீட்சையில் கேள்வித்தாளைப் பார்த்து முழிப்பவரைப் போல நின்றார். ஒரு டின்னில் ஆந்தை ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் மண்டையோடு பல்லிளித்தது. அடுத்ததில் விண்வெளிக்குப் போகிறவன் ஒருவன் அன்னாசிப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். மருந்துப் பெட்டி என்றால் மேலே மருந்தின் பெயர் இருக்கும், எதற்கு என்று இருக்கும். மண்டையோடு போட்டிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் புண்ணியவான் கண்டான்? எல்லா டின்னிலும் பொதுவாக இருந்தது ஐபிஏ என்ற மூன்று எழுத்து மட்டும்தான், ஒரு வகைக் கசப்பு பீருக்கு அதுதான் பெயராம். அந்த மூன்று எழுத்துதான் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோரில். கட்டடத்தின் அடியில், சலவை அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத நீள அறை. குளுக்கோஸ் பாட்டில், ஊசி, கையுறை, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் அங்கே இரும்பு ராக்குகளில் அடுக்கியிருக்கும். புதுச் சரக்கு வந்தால் பின்னால் போக வேண்டும், பழசு முன்னால் வர வேண்டும், எடுக்கிறவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் யார் பருப்பும் வேகாது. பெரிய டாக்டரே வந்து பின்வரிசைக்குக் கையை நீட்டினாலும், "டாக்டர், முன்னாடி இருக்கிறத எடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். நர்சுகள் அவருக்கு 'முன்வரிசை' என்று பட்டப்பெயர் வைத்து முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் பொறுப்பேற்ற பிறகு தேதி முடிந்து குப்பைக்குப் போன மருந்து என்று அந்த ஸ்டோரில் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெருமையில்தான் மனுஷன் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

குடி என்று பார்த்தால் அவர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. எப்போதாவது யாராவது கையில் கொடுத்தால் ஒரு சாதா பீர். மஞ்சளாக, தண்ணியாக, ஜில்லென்று இருந்தால் சரி. குடித்தோமா, ஏப்பம் விட்டோமா, வந்தோமா என்று இருந்தவர். இந்த ஐபிஏ சனியன் வீட்டுக்குள் நுழைந்தது அவர் மனைவி வழியாக.

மனைவி ஒரு பல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்புகிற அச்சிலிருந்து பல் செட்டும் பல்லுக்கு மேலே மாட்டும் தொப்பியும் செய்கிற இடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. "சாப்பிட்டீங்களா", "கதவு பூட்டியாச்சா", "கரண்ட் பில் வந்திருக்கு". அவ்வளவுதான். இவருக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். லேபில் இருக்கும் பெண்களோடு வெள்ளிக்கிழமை தோறும் வெளியே போக ஆரம்பித்தாள். டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை எடுத்து ஒரு தாடிக்காரர் சொந்தமாக பீர் காய்ச்சி விற்றார். நாலு பெஞ்சு, ஒரு நீள மேசை, சுவரில் வரிசையாகக் குழாய்கள். அங்கே ஒரு கிளாஸ் ஐபிஏவை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசிவிட்டு, கன்னம் சிவக்க வீட்டுக்கு வருவாள். படியேறும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். அந்தச் சிரிப்பு இவர் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தார்.

ஒரு தடவை அவளே கூப்பிட்டாள். "நீங்களும் வாங்களேன், சும்மா வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க." போனார். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் தனக்குப் பிடித்ததையே அவருக்கும் வாங்கிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள். ஆனால் அது அங்கே இருந்ததிலேயே கனமான சரக்கு. சாதா பீர் தவிர எதுவும் அறியாத நாக்கில் அது பட்டதும் மனுஷனுக்கு முகம் அஷ்டகோணலாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "என்னம்மா இது, கசாயத்த ஜில்லுன்னு குடுக்கிறாங்க? இதுக்குக் காசு வேற குடுக்கணுமா?" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதைக் காய்ச்சிய தாடிக்காரர், துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேர் பின்னால் நின்றார். லேப் பெண்கள் தங்கள் கிளாசுக்குள் பார்த்தார்கள். மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"இனிமே உங்கள கூப்பிடல. மூஞ்சியச் சுளிக்காம ஒரு கிளாஸ் குடிக்கிற அளவுக்கு உங்களுக்கு உண்மையிலேயே ஒண்ணு பிடிக்கட்டும். அப்ப வாங்க."

கோபத்தில் சொன்னதுதான். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். நம் ஸ்டோர்க்காரர் அதை ஆஸ்பத்திரி சுற்றறிக்கை மாதிரி எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே ஒன்று பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் ஓர் இடம். அந்தச் சிரிப்பைப் படிக்கட்டில் ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை, கூடவே உட்கார்ந்து கேட்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை அவளிடமே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்கிற ஆளா அவர்?

மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக். குடிக்கிற விஷயத்தில் எல்லாம் தெரிந்தவன் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவன்.

"அத்தான், நீங்களா? ஐபிஏவா? அக்கா பக்கத்துல இருக்காளா, இல்ல யாராவது துப்பாக்கி வச்சு மிரட்டுறாங்களா?"

"கிண்டல் பண்ணாத மாப்ள. கசப்பு கம்மியா, எங்க போனாலும் கிடைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு."

"அப்படி வாங்க வழிக்கு. எடுத்த எடுப்புலயே கனமான சரக்குல கை வைக்காதீங்க. மங்கலா, பழச்சாறு கணக்கா கலங்கி இருக்கும் பாருங்க, அந்த ஐபிஏவா எடுங்க. கசப்பு முன்னாடி நிக்காது, ஆரஞ்சு, மாம்பழம் மாதிரி வாசனையா இருக்கும். போதை கம்மியா இருக்கிறதும் தனியா வருது, அதுவும் நல்லது. உங்க வீட்டுப் பக்கத்துக் கடையிலயே ஆந்தை படம் போட்டு ஒண்ணு இருக்கும். அது நம்ம அக்கா போற இடத்துல காய்ச்சுறதுதான், டின்ல அடைச்சு கடைக்கும் போடுறாங்க. அதுல ஆரம்பிங்க. குழந்தகூட முகஞ்சுளிக்காது."

இப்படித்தான் அவர் பீர் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது பீர் இல்லை, அடுக்கியிருந்த லட்சணம். கடைப்பெண் புதிதாக வந்த டின்களை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, பழையதைப் பின்னால் அம்போவென்று விட்டிருந்தாள். அவருக்கு மனசு தாங்கவில்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு டின்னாக எடுத்து, அடியைத் திருப்பித் தேதியைப் பார்த்து, பழசையெல்லாம் முன்னால் கொண்டுவந்து, புதுசையெல்லாம் சுவரோரமாகத் தள்ளினார். ஆந்தைகளெல்லாம் நேர்வரிசையில் நின்று அவரை முறைத்தன.

கடைப்பெண் வந்து பார்த்தாள். "சார், நீங்க எங்க கம்பெனி ஆளா?"

"இல்லம்மா. இப்படி வச்சா பின்னாடி இருக்கிறது யாரு கண்ணுலயும் படாம வீணாப் போயிடும். புதுச எப்பவும் பின்னாடி வைக்கணும்."

"சரிங்க சார்" என்று அவள் கொட்டாவி விட்டாள்.

அவர் திருப்தியாக முன்வரிசையிலிருந்து ஆந்தையை எடுத்தார். மண்டையோட்டையும் எடுத்தார், அன்னாசியையும் எடுத்தார். எல்லாமே முன்வரிசை. அவர் கைக்கு வேறு வரிசையே தெரியாது.

வெள்ளிக்கிழமை மனைவி அந்தப் பக்கம் கிளம்பியதும் இவர் இந்தப் பக்கம் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று டின்னை உடைத்தார். முகம் கோணுகிறதா என்று பார்க்க வேண்டுமே. ஒரு வாய். கோணியது. மைத்துனன் சொன்ன ஆரஞ்சைக் காணோம், மாம்பழத்தைக் காணோம். ஈர அட்டைப்பெட்டியை நனைத்துப் பிழிந்த மாதிரி ஒரு வாடை, அதன் பின்னாலேயே நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற கசப்பு. இன்னொரு வாய். இடது புருவம் தானாக மேலே போயிற்று. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வாய். இப்போது உதடு கோணியது. ஒரு முகத்தில் இத்தனை இடம் கோணும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்னாசி இன்னும் மோசம். மண்டையோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"மாப்ள, குழந்தகூட குடிக்கும்னு சொன்ன. பிள்ளைக்குக் குடுத்தா ஜென்மத்துக்கும் பேசாது."

"ஆந்தையா அத்தான் அப்படி இருக்கு? நல்லா ஜில்லுனு குடிச்சீங்களா?"

"ஐஸ் மாதிரி குடிச்சேன்."

"கிளாஸ்ல ஊத்தினீங்களா, டின்னோடவா?"

"கிளாஸ்ல. கழுவித் துடைச்ச கிளாஸ்."

"அப்ப நாக்குதான் அத்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். தேதியைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. கையை எட்டிப் பின்னாலிருந்து எடுக்காத மனுஷன் ஒருத்தன் உலகத்தில் இருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

வாரம் தவறாமல் இது நடந்தது. கடைக்குப் போவார், அலமாரியை அடுக்குவார், இருப்பதிலேயே பழசாகப் பார்த்து எடுப்பார், கண்ணாடி முன்னால் நின்று அவதிப்படுவார். குடித்து முடிக்க முடியாததைக் கொட்டவும் மனசு வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். அவருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஊரில் ஒவ்வொருத்தனும் இதைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்கிறான். தன் நாக்கு மட்டும் என்ன மரத்தாலா செய்தது? மனைவி வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே படியேறி வரும்போது, இவர் வாயெல்லாம் கசந்துபோய், காலி டின்னைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையின் அடியில் ஒளித்துக்கொண்டிருப்பார். ஒரே பானத்தைக் குடித்துவிட்டு அவள் அப்படி வருகிறாள், இவர் இப்படி நிற்கிறார். அநியாயம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கடைசியில் ஆந்தையோடு ஒரு மாதிரி சமாதானம் ஆயிற்று. பிடித்தது என்று சொல்ல முடியாது, பழகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டால் புருவம் அசையவில்லை. இது போதும் என்று முடிவுகட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கிளாசில் ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இது?"

"ஐபிஏ. எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா குடிச்சுப் பார்த்து நானே கண்டுபிடிச்சேன்."

அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை அப்படியே கீழே போட்டாள். "எனக்காகவா?" என்று கேட்டாள். அவர் கிளாசை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் எடுத்து முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். அப்புறம் காலி டின்னை வாங்கி, அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது எப்ப அடைச்சதுன்னு பார்த்தீங்களா?"

"பார்க்காமயா?" அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்துத்தானே எடுத்தேன். கடையில இருந்ததுலயே பழசு."

அவள் டின்னை மேசையில் வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். படிக்கட்டில் கேட்கிற அதே சிரிப்பு. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கலாமா என்று வாயைத் திறக்கும்போது அது பாதியில் நின்றுவிட்டது.

"இதுல போடுற ஹாப்ஸ் பூவோட வாசனைக்குத்தாங்க இதக் குடிக்கிறதே. அது கொஞ்ச நாள்கூடத் தாங்காது. வாசன போயிட்டா கசப்பு மட்டும்தான் மிஞ்சும். இத்தன நாளா நீங்க மிச்சத்தக் குடிச்சிட்டிருக்கீங்க."

"தேதி இன்னும் முடியலையே."

"முடியல. ஆனா செத்துப்போச்சு."

"அப்ப எல்லாரும் பின்னாடி இருக்கிறதையே எடுத்தா முன்னாடி இருக்கிறத யாரு எடுக்கிறது? அது வீணாப் போகாதா?" அவர் குரல் உயர்ந்தது. நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டால் கை தட்டுவார்கள்.

"அது கடைக்காரன் கவலைங்க! நீங்க என்ன அந்தக் கடைக்கும் ஸ்டோர்கீப்பரா?" இப்போது அவள் குரலும் உயர்ந்துவிட்டது. "இந்த வீட்டுக்கே ஸ்டோர்கீப்பராத்தானே இருக்கீங்க. புது ரொட்டி வாங்கிட்டு வருவீங்க, பழச முடிச்சுட்டுத்தான் அதத் தொடணும்பீங்க. அத முடிக்கிறதுக்குள்ள இதுவும் காஞ்சுபோயிடும். ஆப்பிள் வாங்கினா அடிபட்டதுதான் முதல்ல. நல்லது அடிபடுற வரைக்கும் காத்திருந்து அதையும் தின்னுவோம். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல நான் மெத்துனு ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டதில்ல. ரொட்டி வாங்காம இல்ல. தினம் வாங்குறோம்!"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் எதுவும் வீணாகவில்லை என்றுதான் அவர் கணக்கு வைத்திருந்தார். அது இப்படி ஒரு குற்றச்சாட்டாகத் திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் காட்டத் தெரியாமல் மேசையிலிருந்த இரண்டு கிளாசையும் அவரே குடித்து முடித்தார்.

ஆனால் அவளுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தனக்காக மனுஷன் இத்தனை வாரம் கசப்பை விழுங்கியிருக்கிறார் என்பது அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து வரும்போது, கம்பி போட்டு இறுக்குகிற மூடி வைத்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடியோடு வந்தாள். பழுப்பு நிறக் கண்ணாடி, மேலே பனித்துளி.

"தாடிக்காரர்கிட்ட சொல்லிக் குழாய்லேர்ந்து நேரா பிடிச்சுட்டு வந்தேன். அதே ஆந்தை பீர்தான். ஆனா இது இன்னைக்குப் பீப்பாயில ஏத்தினது. குடிச்சுப் பாருங்க. நிஜமாவே பிடிச்சுதுன்னா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை சேர்ந்து போகலாம். பிடிக்கலைன்னாலும் பரவால்ல, அதையும் சொல்லுங்க. எனக்காக நடிக்க வேணாம்." அவசரமாக ஒரு பல் செட் முடிக்க வேண்டியிருந்ததால், முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பவும் லேபுக்கு ஓடினாள்.

அவர் தனியாகச் சமையலறையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். 'டப்'பென்று ஒரு சத்தம். கிளாசில் ஊற்றும்போதே வாசனை மூக்கைத் தேடி வந்தது. ஆரஞ்சை உரிக்கும்போது தோலிலிருந்து தெறிக்குமே, அந்த வாசனை. அவர் மெல்ல ஒரு வாய் குடித்தார். கசப்பு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது பின்னால் மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் பழமும் வாசனையும் ஒரு ஜில்லிப்பும். கண்ணாடிக்கு ஓட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. முகம் கோணவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வாசனைக்காகத்தான் அவள் இத்தனை நாளாகப் போகிறாளா? அதே ஆந்தை. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், சுவரோரமாக, தன் கையாலேயே தள்ளி வைத்த பின்வரிசையில் இது இருந்திருக்கிறது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, கூடவே தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலவும் வந்தது. கிளாசில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை ரசித்துக் குடித்தார். ஜாடியில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழேவரை இன்னும் இருந்தது.

இன்னொரு கிளாஸ் ஊற்றிக் குடித்திருக்க வேண்டியதுதான். எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

அவர் மூடியை அழுத்தி, கம்பியை இறுக்கினார். இவ்வளவு நல்ல பொருளைத் தனியாக உட்கார்ந்து காலி பண்ணுவதா? அவளும் இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து குடிக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் ஒன்றை இவ்வளவு ஆசையாக எடுத்து வைத்ததில்லை. பிரிட்ஜைத் திறந்தார். அங்கே, இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று அவர் கொண்டுவந்து அடுக்கிய டின்கள் இன்னும் ஒரு வரிசை நின்றன. டின்களை முன்னால் இழுத்தார். ஜாடியைப் பின்னால், குளிர் நன்றாகப் படும் மூலையில், பத்திரமாக வைத்தார்.

மறுநாள் காலையில் அவள் கேட்டாள். "குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. அவள் அதைக் கவனித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை வர்றீங்க."

"வர்றேன்."

அன்றைக்கு ஸ்டோரில் அவர் யாரையும் திட்டவில்லை. ஒரு நர்சு பின்வரிசையிலிருந்து பஞ்சுக் கட்டை எடுத்துக்கொண்டு போனதைக்கூடப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழைய டின் ஒன்றை உடைத்துக் குடித்தார். இப்போது அது முன்பைவிட மோசமாக இருந்தது, நல்லதைக் குடித்துப் பார்த்துவிட்டாரே. ஆனாலும் விழுங்கினார். வியாழக்கிழமையும் அப்படியே. சீக்கிரம் இதையெல்லாம் முடித்துவிட்டால் ஜாடிக்கு வழி கிடைக்கும் என்ற உற்சாகத்தில் இரண்டாகக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவர் சவரம் செய்து, தலைவாரி, வாசலில் நின்றார். அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "காலி ஜாடி எங்கங்க? எடுத்துட்டுப் போனா திரும்ப நிரப்பிக்கலாம்."

"பிரிட்ஜுல இருக்கும்மா."

பிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. டின்கள் நகர்கிற சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவர் உள்ளே போனார். அவள் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

"ஆமா. உனக்குன்னுதான் எடுத்து வச்சேன். இன்னும் ரெண்டு டின்தான் பாக்கி, அதுவும் நாளைக்கு முடிஞ்சுடும். அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து..."

அவள் கம்பியை விடுவித்தாள். சத்தமே வரவில்லை. கிளாசில் ஊற்றினாள். ஒரு நுரை இல்லை, நேற்றைய டீ மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவரும் குடித்தார். ஆரஞ்சு போய்விட்டிருந்தது. திறந்ததைத் திரும்ப மூடி வைத்தால் இது இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா. இந்த மாதிரி ஒண்ணு நான் குடிச்சதே இல்ல."

"நல்லா இருந்தா ஏங்க குடிக்கல?"

அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதுவும் உண்மையான பதில்.

"பழசு இன்னும் மிச்சம் இருக்கே."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். ரொட்டியையும் ஆப்பிளையும் மறுபடி இழுப்பாள், இழுக்கட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றார். அவள் கத்தவில்லை. ஜாடியைச் சிங்கில் கவிழ்த்தாள். அது முழுக்க வழிந்து போகும்வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அலசினாள், துடைத்தாள், பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"நானும் ரெடியாத்தான் இருக்கேன்" என்றார் அவர் பின்னாலேயே போய்.

"இல்லங்க. நீங்க இருங்க." கோபமே இல்லாத குரல். காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "மிச்சத்த முடிங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவள் படியிறங்கும் ஓசை கீழே கீழே போய்த் தேய்ந்தது. அவர் சமையலறைக்குத் திரும்பி வந்து ஈரமான சிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிடித்ததாகச் சொன்னது பொய் என்று அவள் நினைத்திருப்பாளோ என்று முதலில் பதறினார், ஓடிப்போய்ப் படிக்கட்டிலிருந்தாவது கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அவள் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியிருந்தாள், பிடித்தும் குடிக்காமல் வைத்தார் என்பதையும் சேர்த்து. நம்பாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.